செயலியில் தெரியும் காசு: சாவி யார் கையில்?

திருவதிகையிலிருந்து நெய்வேலிக்கு ஷிப்ட்டுக்குப் போகிறவரா நீங்கள்? பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போனை நீட்டி, "இந்த ஆப்ல கொஞ்சம் கிரிப்டோ வாங்கினேன், இப்ப பாருங்க" என்று காட்டியிருக்கலாம். நீங்களும் பணம் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்க: அந்தக் காசின் சாவி யாரிடம் இருக்கிறது?

எக்ஸ்சேஞ்ச் வேறு, வாலட் வேறு

கிரிப்டோவை வாங்கி விற்கும் இடம் எக்ஸ்சேஞ்ச். அதைக் கையாளும் ரகசியச் சாவியை வைத்திருப்பது வாலட். வாங்கியதை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைத்தால் சாவி நிறுவனத்திடம்தான். உங்கள் திரையில் இருப்பது வெறும் வரவுக் கணக்கு. சொந்த வாலட்டில் 12 அல்லது 24 ரகசியச் சொற்களே சாவி. அதைத் தொலைத்தால் மீட்டுத்தர யாருமில்லை.

வாசிர்எக்ஸ் சொல்லும் பாடம்

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போனது. ஒருவர் மட்டும் திறக்க முடியாதபடி, பலர் ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும் வாலட் அது. உண்டியலுக்குப் பல பூட்டு போட்ட மாதிரி. அப்படியும் போனது.

சென்னையிலிருந்து பணம் செலுத்திய ஒரு முதலீட்டாளர், அதே ஆண்டு ஜனவரியில் ரூ.1,98,516-க்கு எக்ஸ்ஆர்பி நாணயம் வாங்கியிருந்தார். திருடு போனது வேறு வகை நாணயங்கள். ஆனாலும் இவர் கணக்கும் முடங்கியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 அக்டோபரில், கிரிப்டோவும் ஒருவகைச் சொத்துதான் என்று கூறி நீதிமன்றம் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. தன்னுடையதைக் காக்கவே ஓராண்டுக்கு மேல் ஆனது!

சரி, எதையெல்லாம் பார்க்கணும்?

1. மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் நிறுவனம் பதிவு செய்துள்ளதா? 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவு இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆனால், பதிவு இருப்பதாலேயே பணத்துக்கு உத்தரவாதம் என்று அர்த்தமில்லை.

2. வங்கி டெபாசிட்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அது கிடையாது.

3. வாட்ஸ்அப், டெலிகிராமில் வரும் லிங்க் மூலம் செயலியை இறக்காதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து ஆப் ஸ்டோருக்குப் போய், வெளியிட்டவர் பெயரைச் சரிபாருங்கள்.

4. முதலில் சிறு தொகை போட்டு, அதை உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்ப எடுத்துப் பாருங்கள். "எடுக்கணும்னா முதல்ல வரி கட்டுங்க" என்று தனியாகப் பணம் கேட்டால் அது மோசடி. விற்பனையில் பிடிக்க வேண்டிய 1 சதவீத டிடிஎஸ்-ஐ எக்ஸ்சேஞ்சே கழித்துக்கொள்ளும். சிறு தொகை திரும்பி வந்துவிட்டதே என்று பெரிய தொகையைப் போட்டுவிடாதீர்கள். ஆசை காட்டவும் அப்படித் தருவார்கள்.

5. ரகசியச் சொற்களைத் தாளில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். கஸ்டமர் கேர் என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் அனுப்பிய ரசீது, பரிவர்த்தனை எண், சாட் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை இடையில் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

அடுத்த முறை யாராவது போனை நீட்டினால், லாபத்தைப் பார்க்கும் முன் கேளுங்க: "சாவி யாருகிட்ட இருக்கு?"