பறவை நோக்க ஓர் இருநோக்கி

மாணவர்களே, சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யமுனைக் கரையிலுள்ள ஓக்லா பறவைகள் சரணாலயத்திற்கு நம் தமிழ் வகுப்பு மாணவர் சிலருடன் சென்றிருந்தேன். பனிமூட்டம் விலக ஒன்பது மணி ஆயிற்று. நீர்ப்பரப்பில் ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் மிதந்தன. அவற்றிற்கு அப்பால், மணல்திட்டின்மேல், வரித்தலை வாத்துகள் சில நின்றன. இமயத்தைக் கடந்து வரும் பறவைகள் அவை. இவ்வினத்து வாத்துகள் நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரையிலும் செல்வதுண்டு.

தலையிலுள்ள இரண்டு கரும்பட்டைகளைக் காட்டுவதற்காக, என்னிடமிருந்த இருநோக்கியை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுத்தேன். பைனாகுலர் என்று நீங்கள் அழைக்கும் கருவிதான் இருநோக்கி. அவள் நெடுநேரம் அதனைத் திருகித் திருகிப் பார்த்தாள். பின்பு, “எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஐயா. என் கண்ணில்தான் ஏதோ குறை போலும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை.

அன்று மாலை அக்கருவியை ஆராய்ந்தேன். கண்காட்சிக் கடையொன்றில், மேலே பொறித்திருந்த ‘30 × 60’ என்னும் எண்ணைக் கண்டு மயங்கி நான் வாங்கியது அது. முதல் எண் உருப்பெருக்கத்தையும், இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்க வேண்டும். அளவுகோலை வைத்து அளந்தேன். விட்டம் 22 மில்லிமீட்டர்தான் இருந்தது! ஒரு கண்ணால் கருவியின் வழியாகவும் மறு கண்ணால் நேராகவும் எதிரிலிருந்த செங்கற்சுவரைப் பார்த்தேன். கருவியில் தெரிந்த ஒரு செங்கல், நேரில் தெரிந்த எட்டுச் செங்கற்களின் உயரம் இருந்தது. ஆக, உருப்பெருக்கமும் முப்பது அன்று, எட்டே. அதனினும் பெரிய குற்றம் ஒன்று இருந்தது. உள்ளிருந்த முப்பட்டகங்கள் நிலைபெயர்ந்து, இரு குழல்களும் இருவேறு திசைகளை நோக்கின. ஒரு பறவை இரண்டாகத் தெரிந்தால் எவர் கண்தான் வலிக்காது? குறை அவளிடம் இல்லை என்று மறுநாளே வகுப்பில் சொன்னேன்.

பெரிய எண்ணே சிறந்தது என்பது பலரும் கொள்ளும் தவறு. எட்டு மடங்கு பெருக்கும் கருவியில் 80 மீட்டர் தொலைவிலுள்ள பறவை 10 மீட்டரில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் பறவையோடு நம் கைநடுக்கமும் எட்டு மடங்காகிறது. உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் புலமும் பொதுவாகச் சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். சிறுவர்களுக்கு ஆறு முதல் எட்டு மடங்கு போதும். உருப்பெருக்கத்தை மாற்றும் ‘ஜூம்’ வகையை மலிவு விலையில் வாங்கவே வேண்டா.

இனி ஒளி. இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8 × 40 எனில் 5 மில்லிமீட்டர். 8 × 21 எனில் இரண்டரைக்குச் சற்று மேல். நண்பகல் வெயிலில் இவ்விரண்டிற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. விடியற்காலையிலும் பனிமூட்டத்திலும் நம் கண்மணி விரியும். அப்போது சிறிய கருவியில் காட்சி மங்கிவிடும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அந்த விடியற்காலையில்தானே! ஆயினும் 8 × 40 கருவி முக்கால் கிலோ வரை எடை இருக்கும். சிறிய கழுத்து அதனை நெடுநேரம் தாங்காது. உங்கள் வயதிற்கு 6 × 30 அல்லது 8 × 30 ஏற்றது என்பது என் கருத்து.

சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை பெரும்பாலும் விளையாட்டுப் பொருள்களே. நல்ல எளிய கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். வீட்டு வாடகையும் ஊருக்குச் செல்லும் ரயில் கட்டணமும் போக மிஞ்சுவதிலிருந்தே உங்கள் பெற்றோர் வாங்க வேண்டும் என்பதை அறிவேன். ஆகவே நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். குறைந்த விலையில், நேர்க்குழல் வகையைவிடத் தோள் அகன்ற பழைய வடிவமே பெரும்பாலும் தெளிவாகக் காட்டும். முன்வில்லை மாணிக்கம்போல் சிவந்து மின்னினால் விலகிவிடுங்கள். அப்பூச்சு சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பறவையின் நிறம் மாறித் தெரியும்.

கடைக்கு நீங்களும் செல்லுங்கள். பெரியவர்களைவிட உங்கள் கண்களின் இடைவெளி குறைவு. நடுக்கீலை மடக்கும்போது இரு வட்டங்களும் ஒன்றாக வேண்டும். ஒன்றாகாவிட்டால் அது உங்களுக்குரியதன்று. வாசலுக்கு வந்து தொலைவிலுள்ள பெயர்ப்பலகையைப் படித்துப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிகிறதா? தலை வலிக்கிறதா? கண்ணாடி அணிபவர்கள் கண்ணருகிலுள்ள ரப்பர் விளிம்பை மடித்துக்கொண்டு நோக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் கதிரவனை நோக்காதீர்கள். நொடிப்பொழுதில் பார்வை போய்விடும்.

மாசி மாதத்தில் மீண்டும் ஓக்லா சென்றோம். இம்முறை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய 8 × 30 கருவி இருந்தது. முதலில் வெறுங்கண்ணால் பறவையைக் கண்டு, பார்வையை விலக்காமல் கருவியை உயர்த்தச் சொன்னேன். அம்மாணவி சற்று நேரம் அசையாமல் நின்றாள். “இரண்டு பட்டை இருக்கிறது ஐயா. அலகின் நுனிகூடக் கறுப்பு!” என்றாள். அடுத்தவரிடம் கருவியைக் கொடுக்க அவளுக்கு மனமே வரவில்லை.

சொற்பொருள்
உருப்பெருக்கம் – உருவம் பெரிதாகத் தோன்றும் அளவு
முப்பட்டகம் – ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பட்டகம்
கீல் – இரு பகுதிகளை மடக்க உதவும் இணைப்பு
இரவல் – திருப்பித் தருவதாகச் சொல்லிப் பெறும் பொருள்

பயிற்சி
1. ‘30 × 60’ என்னும் எண் பொய் என்பதை ஆசிரியர் எவ்வாறு கண்டறிந்தார்?
2. 10 × 25 கருவியின் ஒளிக்கற்றை விட்டம் யாது? அதனை விடியற்காலையில் பயன்படுத்துவீர்களா?
3. ‘பறந்துவிடும்’, ‘மங்கிவிடும்’ போன்று முடியும் சொற்கள் மூன்றனைப் பயன்படுத்தித் தொடர் அமைக்க.
4. உங்கள் வீட்டு மாடியிலிருந்து காணும் பறவை ஒன்றைப் பத்து நிமிடம் நோக்கி, ஐந்து தொடர்களில் எழுதுக. அதன் தமிழ்ப் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிக.