இதயத்துள் ஒரு நீர்க்கட்டி

நாயின் குடலில் வாழும் எக்கினோகொக்கஸ் என்ற நாடாப்புழு ஒரு சென்ரிமீற்றர்கூட நீளமில்லாதது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில் கலக்கின்றன. அப்புல்லை மேயும் ஆடு மாடுகளின் ஈரலிலும் சுவாசப்பையிலும் நீர் நிறைந்த கட்டிகள் உண்டாகின்றன. அந்த உறுப்புகளை நாய் தின்றால் புழு மீண்டும் நாய்க்கே போய்ச் சேரும். கழுவாத கையாலோ பச்சை இலைகளாலோ முட்டையை விழுங்கும் மனிதன் இடையில் அகப்பட்டுக்கொள்பவன்.

மனிதரிலும் பெரும்பாலும் ஈரலில்தான் கட்டி வரும், அடுத்தது சுவாசப்பை. நூறு நோயாளரில் ஓரிருவருக்கே இதயத்தில் வருகிறது. முடியுருநாடிக் குருதியோடு புழுவின் குடம்பி வந்து சேர்வதால் இடது இதயவறையின் சுவரிலேயே அதிகம் தங்கும். பல ஆண்டுகள் சத்தமின்றி வளர்ந்து, பின்னர் நெஞ்சுநோ, படபடப்பு, மூச்சுமுட்டல் எனத் தலைகாட்டும். இவை மாரடைப்பின் அறிகுறிகளும் அல்லவா? ஈசீஜியும் அவ்வாறே ஏமாற்றக்கூடும்.

எக்கோ பரிசோதனையே இங்கு பெரிய துணை. மெல்லிய சுவருள்ள உருண்டை, உள்ளே நீர், சிலவேளை அதற்குள் சின்னஞ்சிறு குஞ்சுக்கட்டிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். சீரீ ஸ்கானும் எம்ஆர்ஐயும் கட்டியின் இடத்தையும் சுவரையும் தெளிவாக்கும். குருதியில் பிறபொருளெதிரி தேடும் எலைசா சோதனையை மட்டும் நம்பமுடியாது. உடையாத கட்டி தன்னை மூடிக்கொண்டிருப்பதால் முடிவு 'இல்லை' என்றும் வரலாம்.

வேறு கட்டியென்றால் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பார்கள். இதயத்தில் உள்ள இக்கட்டியில் அது ஆபத்து. கசியும் நீர் உயிர்போக்கும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். புழுவின் தலைகள் குருதியோடு மூளைவரை போகலாம். ஆகவே ஊசி எடுக்குமுன்பே வைத்தியருக்குச் சந்தேகம் வரவேண்டும். இலங்கையில் இது அரிய நோய் என்பதால் அது எளிதில் வராது. புதுக்குடியிருப்பில் பட்டிமாடும் காவல்நாயும் ஒரே வளவில் இருப்பது நமக்குப் பழகிய காட்சி. பெற்றோரே, வைத்தியர் கேளாவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஐஸ்லாந்தில் 1864இல் ஹரால்ட் கிராபே இந்நோய் பற்றி எழுதிய சிறுநூல் மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதீர்கள் என்பதே அதன் சாரம். நோய் அங்கிருந்து பின்னர் ஒழிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாவின் கழிவுகளை நாய் தோண்டாத ஆழத்தில் புதைப்பதும் அதே வேலைதான்.

கட்டி உறுதியானால் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான். கடும் உப்புநீரில் நனைத்த துணிகளைச் சுற்றிலும் வைத்துக் கட்டியை அகற்றுவர். பூச்சி மருந்தாக நாம் அறிந்த அல்பெண்டசோலைப் பல வாரங்கள் கொடுப்பர். மீண்டும் வளர்கிறதா என்று பார்க்க எக்கோ சில ஆண்டுகள் தொடரும்.