குகை இருளில் ஒரு கடிகாரம்

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் வட்டாரம் டுரியான் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. டுரியான் மலர்கள் மாலையில்தான் விரிகின்றன. இரவில் தேன் அருந்த வரும் வௌவால்கள் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன. இவ்வாறு உழவருக்கு உதவும் வௌவாலுக்குக் கண் தெரியாது என்று பலர் இன்றும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எவ்வளவு உண்மை?

இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி 1793ஆம் ஆண்டில் வௌவால்களின் கண்களை மறைத்துப் பறக்கவிட்டார். அவை எதிலும் மோதவில்லை. கண்கள் மறைக்கப்பட்ட நிலையிலும் அவை எப்படி வழி அறிந்தன? இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை வௌவால்கள் எழுப்புவதை 1938ஆம் ஆண்டில் அமெரிக்க மாணவர் டொனால்டு கிரிஃபின் கருவியின் துணையுடன் கண்டறிந்தார். அவ்வொலியின் எதிரொலியைக் கேட்டே அவை வழி அறிகின்றன என்பது பின்னர் உறுதியானது. அப்படியானால், வௌவாலின் சிறிய கண்களால் பயனே இல்லையா?

இக்கேள்விக்கு விடைதரும் ஆய்வுகள் மதுரையில் நடந்தன. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் உயிரினங்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தவர். விழிப்பையும் உறக்கத்தையும் நாள்தோறும் முறைப்படுத்தும் உள்ளியக்கமே உடற்கடிகாரம் ஆகும். மதுரைக்கு அருகிலுள்ள சமணர் மலைக் குகையில் பூச்சியுண்ணும் வௌவால்கள் கூட்டமாக வாழ்கின்றன. குகையின் உட்புறம் பகலிலும் இருண்டிருக்கும். எனினும், கதிரவன் மறைந்ததும் அவை தவறாமல் வெளியே புறப்படுகின்றன. வெளியே இருட்டியதை அவை எவ்வாறு அறிகின்றன?

சந்திரசேகரனும் மாரிமுத்து முதலிய அவர்தம் மாணவர்களும் ஒரு வௌவாலைக் கூண்டிலிட்டு அக்குகைக்குள் வைத்தனர். அது பறக்கத் தொடங்கும் நேரத்தைக் கருவி பதிவு செய்தது. வெளிச்சத்தைக் காணாதபோதும், தன் கூட்டம் புறப்படும் வேளையிலேயே அதுவும் சிறகடித்தது. கூட்டம் இல்லாத குகையில் வைத்தபோதோ, அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிச் சென்றது. வேறோர் இன வௌவாலை இதே கூட்டத்தின் நடுவே வைத்தும் பார்த்தனர். அதன் கடிகாரம் கூட்டத்தோடு இணையவில்லை. தன் இனத்தாரின் நடமாட்டத்தைக் கொண்டே வௌவால் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்பது இதனால் புலப்பட்டது.

அடுத்து, ஒளியின் பங்கை ஆராய்ந்தனர். தொடர்ந்து இருளில் வைக்கப்பட்ட வௌவாலுக்கு, ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் ஒளிவீச்சு காட்டப்பட்டது. நாம் கண் இமைக்கும் நேரத்தைவிட அது மிகக் குறைவு. அச்சிறு ஒளியே அதன் உடற்கடிகாரத்தை மாற்றியமைத்தது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, வௌவாலின் கண்கள் ஒளியைக் கூர்மையாக உணர்கின்றன என்பதை மெய்ப்பித்தது. காது வழிகாட்டுகிறது, கண் காலம் காட்டுகிறது. டுரியான் தோட்டத்துக்கு வரும் பெரிய பழந்தின்னி வௌவால்களோ கண்ணையும் மூக்கையும் நம்பியே உணவைத் தேடுகின்றன.

ஓர் உயிரைப் பற்றிய அறியாமை அவ்வுயிருக்கே கேடாகும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிரிகளின் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. நம் நாட்டிலும் டுரியான் பூக்களை வௌவால்கள் அழிக்கின்றன என்று எண்ணி அவற்றை விரட்டுவோர் உள்ளனர். ஆனால், தியோமான் தீவில் மரங்களில் கேமராக்களைப் பொருத்தி நடத்தப்பட்ட ஆய்வு வேறோர் உண்மையைக் காட்டியது. அங்குள்ள பெரிய வௌவால்கள் பூக்களுக்குக் கேடு செய்யாமல் தேனை அருந்தி, மகரந்தச் சேர்க்கைக்கும் துணைபுரிகின்றன என 2017ஆம் ஆண்டில் அவ்வாய்வு தெரிவித்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். வௌவாலுக்குக் கண் தெரியாது என்று காதால் கேட்டதை நம்பிவிடாமல், அறிஞர்கள் இருண்ட குகைக்குள் சென்று தீர விசாரித்தனர். அவர்கள் கண்ட உண்மை, நம் தோட்டங்களுக்கு இரவில் வரும் விருந்தினரைக் காக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்துள்ளது.