காந்தம் பற்றும் உலோகமும் பற்றாத உலோகமும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பின்னர்த் துறைமுகமும் ஆலைகளும் பெருகிய வடசென்னையில், எண்ணூர் வரையில், பழைய உலோகம் கைமாறுவது அன்றாட வாணிகமாயிற்று. காயலான் கடைக்காரர் முதலில் எடுப்பது தராசை அன்று. ஒரு துண்டுக் காந்தத்தை. பற்றினால் இரும்பு விலை. பற்றாவிடில் செம்பா, பித்தளையா, அலுமினியமா என்று பார்த்து விலை சொல்வார். பழைய பம்ப் செட்டையோ பாத்திரத்தையோ விற்கும் நம் கிராமத்தாரும் இச்சோதனையின் பொருளை அறிந்திருத்தல் நலம்.

ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு நுண்ணிய காந்தம். செம்பில் இவை எதிரெதிராக இணைந்து ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன. இரும்பிலோ சில எலெக்ட்ரான்கள் இணையின்றி நிற்கின்றன. அது மட்டும் போதாது. அண்டை அணுக்களும் ஒரே திசையில் அணிவகுக்க வேண்டும். காற்றடித்த நெற்பயிர் ஒரு பக்கமாய்ச் சாய்வதைப் போன்றது அது. சாதாரண இரும்பில் வயலுக்கு வயல் சாய்வு வேறுபடும். காந்தத்தை அருகே கொணர்ந்தால் எல்லாம் ஒரு பக்கம் திரும்ப, இரும்பு ஈர்க்கப்படுகிறது. நிக்கலும் கோபால்ட்டும் இவ்வாறே. சுமார் 770 பாகை செல்சியசுக்கு மேல் இந்த ஒழுங்கு குலைவதால், கொல்லருலையில் நன்கு பழுத்த இரும்பு காந்தத்தில் ஒட்டாது.

எவர்சில்வரில்தான் பலர் ஏமாறுகின்றனர். 304 என்னும் தரத்தில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. எஞ்சியதில் பெரும்பகுதி இரும்பே. தனியே காந்தம் பற்றும் நிக்கல், இரும்புடன் கலந்தபோது அணுக்களின் அடுக்கையே மாற்றி அப்பண்பைப் போக்கிவிடுகிறது! நிக்கல் இல்லாத 430 தரம் காந்தத்தில் ஒட்டும். அதைப் போலி என்று தள்ளுவது தவறு. அதுவும் எளிதில் துருப்பிடிக்காதது, விலை மட்டும் குறைவு.

பெரும் நட்டம் மறுபக்கத்தில் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவுத் தரமும் காந்தத்தில் ஒட்டாது. ஆதலின், “பாருங்கள், ஒட்டவில்லை” என்று காட்டி 304-இன் விலை கேட்டால், தர எண்ணை ரசீதில் எழுதித் தரக் கேட்க வேண்டும். உண்மையான 304 பாத்திரத்திலும் அழுத்தி வளைத்த விளிம்பு சிறிது ஒட்டக்கூடும். அவ்விடத்தில் அணுக்களின் அடுக்கு மாறியிருப்பதே காரணம்.

இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்குவோர்க்கு, காந்தம் நன்றாகப் பற்றும் அடிப்பாகமே வேண்டும்.