தண்ணீர் மீட்டரும் பஞ்சாயத்தின் கணக்கும்

மேல்நிலைத் தொட்டியிலிருந்து நாள்தோறும் இறங்கும் நீர் எவ்வளவு? வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த நீர் எவ்வளவு? இவ்விரு வினாக்களுக்கும் விடை அறியாத பஞ்சாயத்து, படியின்றி நெல் விற்கும் குடியானவரைப் போன்றதாகும்.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியாக, ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. அளவு வகுக்கப்பட்டபின், அளக்கும் கருவி செம்மையாக இருத்தல் அவசியமன்றோ?

பழைய வகை மீட்டரினுள் ஒரு சிறு சக்கரம் உண்டு. நீரோட்டம் அதனைச் சுழற்றுகிறது. பல்சக்கரங்கள் அச்சுழற்சியை எண்களாக மாற்றுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அச்சு தேய்கிறது. மணலும் உப்பும் படிகின்றன. அதனால் மெல்லிய ஓட்டத்திற்குச் சக்கரம் அசைவதில்லை. சொட்டுச் சொட்டாகப் போகும் நீர் கணக்கில் ஏறுவதில்லை. நேரம் குறித்து நீர் விடும் ஊர்களில், நீருக்கு முன்னே குழாயில் தள்ளப்பட்டு வரும் காற்றும் சக்கரத்தைச் சுழற்றிவிடும். அப்பொழுது வாராத நீருக்கும் கணக்கு ஏறுகிறது.

தானே கணக்கு அனுப்பும் புதிய மீட்டர்கள், தம் எண்ணிக்கையை வானொலி அலைகளின் மூலம் அலுவலகத்திற்குத் தெரிவிக்கின்றன. ஊழியர் வீடு வீடாகச் சென்று எண்களைக் குறிக்க வேண்டியதில்லை. சிலவற்றில் சுழலும் சக்கரமே இல்லை. செவிக்குக் கேளாத ஒலியலைகளைக் கொண்டு நீரோட்டத்தை அளக்கின்றன. நள்ளிரவிலும் ஒரு வீட்டில் ஓட்டம் நிற்கவில்லையெனில், கசிவு உண்டென மறுநாளே ஐயுறலாம்.

ஆயினும், தேய்ந்த மீட்டரின்மேல் செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தினால், தவறான கணக்கே விரைவாக வந்து சேரும். மின்கலம் தீர்ந்துவிட்டால் செய்தியும் நின்றுவிடும். ஆகவே, மின்கலம் மாற்றும் செலவையும் பழுது பார்ப்போரையும் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

புதியன வாங்குமுன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று:

1. தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் குழாயில் நல்ல மீட்டர் ஒன்றைப் பொருத்தி, நாள்தோறும் குறித்து வருக.

2. 20 லிட்டர் பாத்திரத்தை ஐந்து முறை நிரப்பி, வீட்டு மீட்டர் 100 லிட்டர் காட்டுகிறதா எனச் சோதிக்க. குழாயை முழுவதும் திறந்து ஒரு முறையும், சிறிதே திறந்து ஒரு முறையும் பார்த்தல் நலம். பெரிதும் பிழை காட்டுவனவற்றை முதலில் மாற்றுக.

3. ஒரு நாள் எல்லா வீட்டுக் குழாய்களையும் மூடச் செய்து, தொட்டியின் வால்வைத் திறந்து பார்க்க. குழாய்கள் நிரம்பிய பின்பும் தொட்டி மீட்டர் ஓடுமாயின், அவ்வோட்டம் பெரும்பாலும் கசிவே.

நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வீதம் கசிந்தால் ஒரு நாளில் 1,440 லிட்டர் வீணாகும். அஃது இருபத்தாறு பேரின் ஒரு நாள் பங்காகும்.

கடைக்கோடித் தெருவில் குடம் நிரம்பவில்லை என்று கிராம சபையில் ஒரு தாய் முறையிடும்பொழுது, அங்கத்தினர் கையில் சரியான கணக்கு இருத்தல் வேண்டும். அக்கணக்கைச் சபையில் படித்துக் காட்டும் பஞ்சாயத்தையே மக்கள் நம்புவர். கட்டணத்தையும் மனமுவந்து செலுத்துவர்.