குறிச்சொல் இடுவோம், கூடிப் பயன்பெறுவோம்



நம் பள்ளி நூலகத்திற்கெனப் பெற்றோர் சிலர் பல மாதங்கள் தேடித் தொகுத்த இணைய முகவரிகள் ஒரே கணினியில் இருந்தன. அக்கணினி பழுதுற்றபோது அத்தனையும் மறைந்துபோயின. இப்பொழுது மீண்டும் தொகுக்கத் தொடங்கியுள்ளோம். இம்முறை அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, எவ்வாறு காப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பொருள், பல முகங்கள்

நூலகத் தட்டில் ஒரு நூலுக்கு ஓர் இடமே உண்டு. கல்லணையைப் பற்றிய நூலை எங்கே வைப்பது? வரலாற்றிலா, வேளாண்மையிலா, பொறியியலிலா? ஒன்றில் வைத்தால் ஏனைய இரண்டிலும் தேடுவோர் கண்ணில் அது படாது. இச்சிக்கலை ஆழ்ந்து சிந்தித்தவர், 1892ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் ஆவார். கணிதம் கற்பித்து வந்த இவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, அவற்றின் குறியீடுகளை முக்காற்புள்ளியால் இணைப்பது அம்முறை. முக்காற்புள்ளியின் ஆங்கிலப் பெயரே கோலன்.

குறிச்சொல் என்பது யாது?

இணையப் பக்கத்தைத் தட்டில் அடுக்க வேண்டியதில்லை. ஆதலால் அதற்கு எத்தனை பெயர்ச்சீட்டுகளையும் ஒட்டலாம். அச்சீட்டே குறிச்சொல். கல்லணைப் பக்கத்திற்குக் கல்லணை, காவிரி, சோழர், வேளாண்மை, பொறியியல் எனக் குறிச்சொற்கள் இட்டால், ஐந்து வாயில்கள் வழியாகவும் அதனை அடையலாம்.

ஒருவர் குறித்துவைத்த முகவரிகளைக் குறிச்சொற்களுடன் பலரும் காணப் பொதுவில் வைப்பதே சமூகப் புத்தகக்குறி. 2003இல் தோன்றிய டெலிசியஸ் என்னும் தளம் இவ்வழக்கத்தைப் பரப்பியது. நூலகங்களும் இதன் பயனை உணர்ந்தன. 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் பழைய நிழற்படங்களுள் ஏறத்தாழ 3,000ஐ ஃப்ளிக்கர் தளத்தில் வைத்து, குறிச்சொல் இடுமாறு பொதுமக்களை அழைத்தது.

சொல்லில் ஒற்றுமை வேண்டும்

எனினும் ஆளுக்கொரு சொல்லை இட்டால் குழப்பமே மிஞ்சும். ஒருவர் வேளாண்மை என்பார்; மற்றொருவர் விவசாயம் என்பார்; ஈழத்தவர் கமம் என்பார்; வேறொருவர் உழவு என்பார். நான்கும் தமிழில் வழங்கும் சொற்களே. ஆயினும் நான்கு பெயர்களில் சிதறிய இணைப்புகளை ஒருசேரக் காண இயலாது. ஆகவே நாம் பின்வரும் விதிகளைக் கைக்கொள்வோம்.

1. ஒரு கருத்திற்கு ஒரு முதன்மைச் சொல்லைத் தேர்ந்து பட்டியலில் எழுதுக. ஏனைய சொற்களை அதன் அருகே குறித்து, முதன்மைச் சொல்லுக்கு வழிகாட்டுக. எந்த ஊர்ச் சொல்லையும் தள்ளிவிட வேண்டா.

2. வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் நீக்குக. காவிரியில் அன்று, காவிரி. பாடல்கள் அன்று, பாடல்.

3. பல பொருள் தரும் சொல்லைத் தெளிவாக்குக. திங்கள் என்பது நிலவா, மாதமா, கிழமையா? மாலை என்பது பொழுதா, பூமாலையா?

4. யாருக்கு ஏற்றது என்பதையும் குறிக்க. மழலையர், நடுநிலை, பெற்றோர் என்பன போதும்.

தொகுத்ததைக் காப்போம்

டெலிசியஸ் தளத்தின் வரலாறு நமக்கு ஒரு பாடம். 2005இல் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2011இல் அது வேறு கைக்கு மாறியது. 2017இல் பின்போர்டு என்னும் சேவை அதனை வாங்கியபின், புதிய இணைப்புகளைச் சேர்க்கும் வசதி நிறுத்தப்பட்டது. பிறர் இடத்தில் வைத்த பொருள் என்றும் நம் கையில் இராது. ஆகவே எச்சேவையைப் பயன்படுத்தினும், ஒவ்வொரு பருவ இறுதியிலும் முழுப்பட்டியலின் படியை எடுத்து இருவர் வெவ்வேறிடங்களில் வைத்திருத்தல் வேண்டும். சேவை எதுவுமின்றி, முகவரி, தலைப்பு, குறிச்சொல் என மூன்று நிரல்கள் கொண்ட பொது அட்டவணையே ஒரு சிறு பள்ளிக்குப் போதுமானது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் தளமும் எண்ணற்ற தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியுள்ளன. செல்வம் குவிந்துள்ளது, அதனை அடையும் வழியை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஒரு பக்கத்தைப் படித்து, அதற்குரிய தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை, அச்சொல்லைத் தனதாக்கிக் கொள்கிறது. அடுத்து வரும் பிள்ளைக்கும் வழி திறக்கிறது.

பயிற்சி: பொங்கல் விழாவைப் பற்றிய இணையப் பக்கம் ஒன்றைப் பெற்றோருடன் படித்து, ஐந்து குறிச்சொற்களை எழுதுக. உம் நண்பர் எழுதியவற்றுடன் ஒப்பிடுக. வேறுபடும் சொற்களுள் எதனை முதன்மையாகக் கொள்ளலாம் என வகுப்பில் கலந்துரையாடி முடிவு செய்க.

தனித்தனியே தேடியதை இழந்தோம்; இனிக் கூடித் தொகுத்துக் காக்க முயல்வோமாக!