ஆபரேஷன் செய்தும் கரு தங்கினால் நஷ்ட ஈடு உண்டா?



"ஆபரேஷன் பண்ணியும் தங்கிப்போச்சே!" என்று கண் கலங்கும் தாய்மார்கள் உண்டு. சில வீடுகளில் புருஷனுக்குச் சந்தேகம் வேறு வந்துவிடுகிறது. அது பெரும் அநியாயம். கருக்குழாயைக் கட்டி வெட்டினாலும், அபூர்வமாக அது தானே மறுபடி கூடிவிடும். முதல் வருஷத்தில் சுமார் 200 பெண்களில் ஒருவருக்கு இப்படி ஆகலாம். இதில் மனைவி மேல் குற்றமில்லை. பல சமயம் டாக்டர் மேலும் குற்றமில்லை.

கோர்ட்டுக்குப் போகலாமா? ஹரியானாவில் ஓர் ஏழைத் தாய்க்கு ஒரு பக்கக் குழாயை மட்டும் கட்டி அனுப்பிவிட்டார்கள். குழந்தை பிறந்தது. 2000-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்கு நஷ்ட ஈடு தரவேண்டும் என்றது. ஆனால் 2005-ல் அதே கோர்ட், ஆபரேஷன் பலிக்காததை மட்டும் வைத்து டாக்டரின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்றும் தீர்ப்பளித்தது. ஆக, கோர்ட்டில் தவறை நிரூபிக்கவேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும்.

அந்த அலைச்சல் இல்லாமலே அரசின் குடும்பநல இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. யார் தவறு என்று கேட்பதில்லை. (அமெரிக்காவிலும், தடுப்பூசியால் தோள்பட்டை கெட்டவர்களுக்கு இப்படியொரு ஏற்பாடு உண்டு.) 2016-ல் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் தொகை இரட்டிப்பானது. ஆபரேஷன் பலிக்காவிட்டால் 60,000 ரூபாய். ஆஸ்பத்திரியிலோ, வீடு திரும்பிய 7 நாளுக்குள்ளோ உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். அரசு ஆஸ்பத்திரியிலோ, அரசு அங்கீகரித்த தனியார் ஆஸ்பத்திரியிலோ செய்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் அசட்டை கூடாது: நாள் கணக்கு. மாதவிலக்கு தள்ளிப்போனால், "வெயில் சூடுதான்" என்று இருந்துவிடாமல் இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு குழாயிலேயே தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் வேண்டாமென்றால் சட்டப்படி கலைத்துக்கொள்ளவும் வழியுண்டு. கர்ப்பம் என்று தெரிந்த 90 நாளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் வழி காட்டுவார்.

ஆண்களே, உங்கள் ஆபரேஷன் அன்றே பலன் தராது. மூன்று மாதம் ஆணுறை போடுங்கள். பிறகு விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்றால்தான் சர்டிபிகேட் தருவார்கள். மனுவுக்கு அந்தச் சர்டிபிகேட் அவசியம். பெண்களும் ஆபரேஷனுக்குப் பின் மாதவிலக்கு வந்ததும், அல்லது ஒரு மாதம் கழித்து, போய் மறக்காமல் வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள்.